செருப்புக்குக் காவல் இருந்தவன் உள்ளே போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கருப்புச் சட்டைக் குடும்பத்தில் பிறந்தவன். ஊர் திருச்சி. அப்பா ஃபிட்டர் வேலை பார்த்தவர், கடைசிவரை கழகத்துக்காரர். வீட்டில் சாமி படம் கிடையாது, ராகுகாலம் கிடையாது. என் கல்யாணம் தாலி இல்லாமல் நடந்தது. மாமியார் ஒரு வாரம் அழுதார். அப்படிப்பட்ட நான் நாற்பத்து மூன்றாவது வயதில் கடவுளை நம்பத் தொடங்கினேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து பழைய தோழர்கள், ஆபீஸ் நண்பர்கள், இப்போது மகளின் கல்லூரித் தோழிகள்கூட மாற்றி மாற்றிக் கேட்கிற கேள்விகள் இவை. நான் போவது கோயில் என்பதால் உதாரணங்கள் பலவும் அங்கிருந்துதான் வரும். சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

நம்பத் தொடங்கியதும் முதலில் என்ன மாறியது?

வெளியே பார்த்தால் ஒன்றும் இல்லை. சம்பளம் அதே சம்பளம். சர்க்கரை அளவு அதே அளவு. மாடி வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை அணைக்க மறப்பதும் நிற்கவில்லை.

உள்ளே மாறியது ஒரே ஒரு சொல். முன்பெல்லாம் என்னிடம் இருந்த கேள்வி ‘ஏன்’. ஏன் இப்படி நடந்தது, எதனால், யார் காரணம். அந்தக் கேள்வி இப்போதும் இருக்கிறது, அதை விடவும் மாட்டேன். அதோடு ‘யாரிடம்’ என்று ஒன்று சேர்ந்துகொண்டது. வண்டி சறுக்கி, லாரிச் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து எழுந்தால் முன்பும் “நல்ல வேளை” என்பேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். முன்பு அந்தச் சொல் காற்றில் போகும். இப்போது அதைக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று நினைத்துச் சொல்கிறேன். நன்றி, புகார், கெஞ்சல், சண்டை எல்லாவற்றுக்கும் ஒரு விலாசம் கிடைத்த மாதிரி. கீழே வரும் பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எப்படி நடந்தது? ஏதாவது அற்புதம் பார்த்தீர்களா?

இல்லை. அற்புதக் கதை வேண்டுமென்றால் என்னிடம் வராதீர்கள்.

மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் திருவானைக்காவல் போவார். வண்டியில் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. கொள்கைப்படி நான் உள்ளே போக மாட்டேன். “நீங்கதான் சும்மா உக்காந்திருக்கீங்களே மாப்ள, இதைப் பாத்துக்கங்க” என்று செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் விட்டுவிட்டுப் போவார். பன்னிரண்டு வருடம் அந்தக் காவல். செய்தித்தாளை முழுசாகப் படித்து முடிக்கிற இடம் எனக்கு அதுதான்.

ஓர் ஐப்பசி வெள்ளியன்று மழை பிடித்துக்கொண்டது. செருப்பைப் பூக்கடை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நனையாமல் இருக்க உள்ளே ஓடினேன். மண்டபத்தில் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்தேன். சன்னதிப் பக்கம்கூடப் போகவில்லை. அந்தக் கோயிலில் நீரே லிங்கம், கருவறையில் எப்போதும் ஊற்று கசியும் என்பார்கள். வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்துக்கொண்டு, இதற்கு மேல் கசிய என்ன இருக்கிறது என்று கிண்டலாக நினைத்தேன். நினைத்தேன் என்றா சொன்னேன்? இல்லை, அதை யாரிடமோ சொன்னேன். அப்போதுதான் உறைத்தது: பல மாதங்களாகவே மனதுக்குள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கிறேன். “பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், பார்த்துக்கோ.” “இன்னிக்கு அந்த மேனேஜர்கிட்ட வாயைக் கொடுக்காம இருக்கணும்.” எனக்கு நானே பேசுவதாகத்தான் நினைத்திருந்தேன். எனக்கு நானே பேசினால் “பார்த்துக்கோ” என்று ஏன் சொல்ல வேண்டும்?

அவ்வளவுதான். மழை விட்டது, வீட்டுக்கு வந்தோம். மாமியாருக்குக்கூடச் சொல்லவில்லை.

சி. எஸ். லூயிஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதையும் இதே மாதிரி சப்பென்றுதான் இருக்கும். ஆக்ஸ்போர்டில் இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர், இளமையில் நாத்திகர். 1931 செப்டம்பரில் அண்ணனின் மோட்டார் சைக்கிளில், பக்கப் பெட்டியில் உட்கார்ந்து விப்ஸ்னேட் மிருகக்காட்சிசாலைக்குப் போனார். கிளம்பும்போது இயேசுவை இறைமகன் என்று நம்பவில்லை, போய்ச் சேர்ந்தபோது நம்பினார். வழியில் அதைப் பற்றிப் பெரிதாக யோசிக்கவும் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

அப்படியானால் ஆதாரம்?

என்னிடம் இல்லை. அப்பாவிடம் வாதாடி நான் ஜெயித்ததே கிடையாது.

ஆதாரத்தின் வழியாகப் போனவர்களும் உண்டு. ஆன்டனி ஃப்ளூ என்ற பிரிட்டிஷ் தத்துவப் பேராசிரியர் அரை நூற்றாண்டு நாத்திகத்துக்காக எழுதியவர். 2004-ல், எண்பதைத் தாண்டிய வயதில், இந்தப் பிரபஞ்சத்துக்குப் பின்னால் ஓர் அறிவு இருக்கத்தான் வேண்டும் என்று சொன்னார். பெரிய செய்தியானது. அவர் ஒப்புக்கொண்ட கடவுள் யார் பேச்சையும் கேட்பவர் அல்ல, மனிதர் விவகாரத்தில் தலையிடுபவரும் அல்ல. மறுமையும் கிடையாது என்றார் ஃப்ளூ. 2010-ல் இறந்தார். அவருடைய நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் கடவுளை ஒப்புக்கொண்டதால் ஒருவருடைய செவ்வாய்க்கிழமை எப்படி மாறும் என்று கேட்டால், மாறாது. கணக்கில் விடையாக வரும் கடவுள் ஒரு ரகம். பேசினால் கேட்கிற கடவுள் இன்னொரு ரகம். வாழ்க்கையில் மாற்றம் என்று எதைச் சொன்னாலும் அது இரண்டாவது ரகத்தோடு வருவதுதான்.

குடி, சிகரெட் மாதிரியான பழக்கங்கள் போய்விடுமா?

இந்தக் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் கேட்பவர்களில் பாதிப் பேர் தங்களுக்காகக் கேட்பதில்லை. கணவனுக்காக, அண்ணனுக்காகக் கேட்கிறார்கள்.

நம் ஊரில் இதற்குப் பெரிய உதாரணம் கண்ணதாசன். சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்து, திராவிட இயக்க மேடைகளில் கடவுள் மறுப்புப் பேசியவர். கம்பனைத் தாக்குவதற்காகப் படிக்கப் போய்க் கம்பனிடமே விழுந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1961-ல் தி.மு.க.வை விட்டார். எழுபதுகளில் அவர் எழுதிய ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ தமிழ்நாட்டில் நுழையாத வீடு குறைவு. எங்கள் வீடு அந்தக் குறைவில் ஒன்று. அப்பா அதன் ஒலிநாடாவைப் பக்கத்து வீட்டில் போட்டால்கூட ஜன்னலைச் சாத்துவார்.

சரி, நம்பிக்கை வந்தது. குடி போனதா? போகவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. எப்படியெல்லாம் வாழக் கூடாதோ அப்படியெல்லாம் வாழ்ந்தவன், அதனால் எப்படி வாழ வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்ற தோரணையில்தான் பேசினார். 1981-ல் சிகாகோவில் இறந்தபோது வயது ஐம்பத்து நான்கு. தெய்வ நம்பிக்கை ஈரலைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு நேர்மாறான கதையும் உண்மை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும், பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவரும் மொடாக்குடியர்கள். அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சாமி, மதம் என்றாலே ஒதுங்கிப்போனவர் வில்சன். முந்தைய வருடம் டிசம்பரில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் தனக்கு ஏற்பட்ட ஓர் அனுபவத்துக்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை. அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் இரண்டாவது, நம்மைவிடப் பெரிய சக்தி ஒன்று உண்டு என்று நம்புவது. மூன்றாவதில் கடவுள் என்ற சொல் வரும்போது, ‘நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில்’ என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நாத்திகர்களும் உள்ளே வருவதற்காக.

என் சித்தப்பா மகன் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய்த்தான் நிறுத்தினான். கடவுளா, கூட்டத்தில் இருந்த ஆட்களா, எது உன்னை நிறுத்தியது என்று ஒருநாள் கேட்டேன். “சாயங்காலம் ஆறு மணிக்கு யாராச்சும் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க அண்ணே” என்றான். இரண்டுக்கும் பொருந்துகிற பதில்.

ஆகவே: நம்பிக்கையை மருந்துச் சீட்டாக நினைக்காதீர்கள். குடியை நிறுத்த வேண்டுமென்றால் டாக்டரையும் பாருங்கள்.

நம்பிக்கை வந்தால் நல்லவனாகிவிடுவேனா?

அப்பா கடவுளை நம்பாமலே என்னைவிட நல்லவராக இருந்தார். வீதியில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். வட்டிக்குக் கொடுத்ததில்லை. நான் இப்போது தினமும் சாமி கும்பிடுகிறேன், வருமான வரிக் கணக்கில் இன்னும் கொஞ்சம் ‘அட்ஜஸ்ட்’ செய்யத் தோன்றுகிறது. செய்தபின் சங்கடமாக இருக்கிறது, அதுதான் வித்தியாசம். முன்பு மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

வீட்டில் என்ன ஆகும்?

எனக்கு நம்பிக்கையைவிடக் கஷ்டமாக இருந்தது வீடுதான்.

மனைவிக்கு மூன்று மாதம் கழித்துச் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள், கொஞ்சம் அதிகமாகவே. மறுவாரமே வீட்டில் ஒரு பூஜை மாடம் வந்தது, சோமவார விரதப் பட்டியல் வந்தது, மாமியார் வழியாகச் சொந்தக்காரர்களுக்குச் செய்தி போனது. எல்லோரும் “நாங்க அப்பவே சொன்னோம்ல” என்றார்கள். ஒருவர் புதிதாக நம்பத் தொடங்கினால் தயவுசெய்து இந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். முளைத்த செடியை இழுத்துப் பார்க்கிற வேலை அது.

அப்பாவிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை இருக்கிறது, 2006-ல் வைத்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எங்களுக்குள் ஒரு விளையாட்டு: “எது உசரம்?” என்று அப்பா கேட்பார், நான் சிலையைக் காட்ட வேண்டும். கோபுரம் 236 அடி! அன்றைக்கும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் நடந்தபின், “எவ்வளவு நாளா?” என்றார். சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன், கோபப்பட்டிருந்தால் தேவலாம். “சரி. என் பேத்தியைக் கேள்வி கேட்க விடு” என்றார். அப்புறம் ஒரு மாதம் அரசியல், கிரிக்கெட் எதுவும் என்னிடம் பேசவில்லை.

இது பரவாயில்லை என்று தோன்ற வேண்டுமானால் ரஷ்ய எழுத்தாளர் தல்ஸ்தோயை (டால்ஸ்டாய்) பாருங்கள். ஐம்பது வயது நெருங்கும்போது வாழ்வதற்கே அர்த்தமில்லை என்று தற்கொலைவரை யோசித்தவர், ஏழை விவசாயிகளின் நம்பிக்கையைப் பார்த்துக் கடவுளிடம் திரும்பினார். புலால் உண்பதை விட்டார், தானே செருப்புத் தைத்தார், 1881-க்குப் பிறகு எழுதியவற்றின் உரிமையையும் துறந்தார். ரஷ்யத் திருச்சபை 1901-ல் அவரை விலக்கியே வைத்தது. வீட்டிலோ மனைவி சோஃபியா, பிள்ளைகள், குடும்பச் செலவு. சண்டை முற்றி, 1910-ல் எண்பத்திரண்டு வயதில் இரவோடு இரவாக வீட்டை விட்டுக் கிளம்பி, அஸ்தபோவா என்ற ரயில் நிலையத்தில் இறந்தார். அவருடைய நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் நான் சோஃபியாவின் பக்கம்தான் நிற்பேன்.

சாதி, தீண்டாமை எல்லாவற்றையும் இனி ஒப்புக்கொள்வீர்களா?

மாட்டேன். தோழர்கள் கோபமாகக் கேட்கும் கேள்வி இது, கோபம் நியாயம்.

வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று 1924-ல் சிறைக்குப் போனவர் பெரியார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939-ல் ஒடுக்கப்பட்டவர்களை அழைத்துச் சென்றவர் பக்தரான வைத்தியநாத ஐயர். நம்பியவரும் நம்பாதவரும் ஒரே கதவைத்தான் இரண்டு பக்கமிருந்து தள்ளியிருக்கிறார்கள். எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆவதற்கான சட்டத் திருத்தம் 1970-ல் வந்தது, பயிற்சி பெற்றவர்கள் பலருக்குப் பணி ஆணை 2021 ஆகஸ்டில்தான் கிடைத்தது. நடுவில் ஐம்பது வருடம். நம்பத் தொடங்கியபின் இந்த ஐம்பது வருடம் எனக்கு முன்பைவிட அதிகமாக உறுத்துகிறது. முன்பு அது அடுத்த வீட்டு அநியாயம். இப்போது என் வீட்டு அநியாயம்.

ஜோசியம், பரிகாரம், எலுமிச்சம்பழம்?

அப்பா வளர்த்த பிள்ளை நான். அடுத்த கேள்வி.

செலவு எவ்வளவு ஆகும்?

சிரிக்காதீர்கள், ஓர் ஆடிட்டர் நண்பர் நிஜமாகவே கேட்டார். வாரம் ஒரு முழம் பூ, எப்போதாவது அர்ச்சனைச் சீட்டு, நெய்விளக்கு. பெட்ரோல் முன்பும் நான்தான் போட்டேன். இதற்கு மேல் பெரிய தொகையை யாராவது கேட்டால், கேட்பவர் கடவுள் அல்ல.

கஷ்டம் வந்தால் தாங்கும் சக்தி கிடைக்குமா?

கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நம்பத் தொடங்கிய ஐந்தாவது வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பதினோரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வெளியே நாற்காலியில் நான். அந்தப் பதினோரு நாளில் அமைதி என்று எதையும் நான் உணரவில்லை. நாத்திகனாக இருந்திருந்தால் ‘ரத்தக் குழாய் அடைத்தது, வயது எழுபத்தெட்டு’ என்று மனம் ஓரளவு சமாதானம் ஆகியிருக்கும். நம்பியதால் வலியோடு ஒரு வழக்கும் சேர்ந்துகொண்டது. உன்னால் முடியும், ஏன் செய்யவில்லை?

லூயிஸுக்கும் அதுதான் நடந்தது. அவர் மனைவி ஜாய் 1960-ல் புற்றுநோயில் இறந்தார். அதுவரை துன்பத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் விளக்கம் எழுதியவர், தன் துக்கக் குறிப்புகளைப் புனைபெயரில்தான் வெளியிட்டார். தேவை உச்சத்தில் இருக்கும்போது போய்த் தட்டினால் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படுகிறது, உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்கிறது என்று எழுதினார்.

எனக்கு உதவியது சுந்தரர். பாடசாலையில் படித்ததல்ல, கோயில் சுவரில் எழுதியிருந்ததைப் படித்தேன். கண் பறிபோன நிலையில் திருவாரூரில் நின்று இறைவனைப் பார்த்து, எங்கள் துன்பத்தைக் கண்டும் சும்மா இருக்கிறீரே, நீர் நன்றாக வாழ்ந்து போம் என்கிறார். “வாழ்ந்து போதீரே” என்பது அவர் சொல். எங்கள் தெருப் பாட்டி யாரையாவது வைய வேண்டுமென்றால் இதே தொனியில்தான் “நல்லா இரு சாமி” என்பாள். இதைத் தேவாரத்தில் சேர்த்து ஆயிரம் வருடமாகக் கோயிலிலேயே பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். திட்டுவதற்கும் அனுமதி உண்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நானும் திட்டினேன். தாங்கும் சக்தியெல்லாம் வரவில்லை. தனியாகத் தாங்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நம்பியபின் சந்தேகமே வராதா?

வரும். அன்னை தெரசா பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் இருட்டையே உணர்ந்தார் என்று அவர் கடிதங்கள் 2007-ல் நூலாக வந்தபோது உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குள் அவர் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. என் சந்தேகங்கள் அவ்வளவு ஆழமானவை அல்ல, பெரும்பாலும் காலை ஐந்து மணிக்கு வந்து காபியோடு போகும்.

நம்பிக்கை வரவில்லை, ஆனால் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல், நம்புகிறவர்கள் செய்வதைச் செய்துகொண்டே இரு, நம்பிக்கை பின்னால் வரும் என்றார். எனக்கு அதில் கொஞ்சம் கூச்சம் உண்டு. நடிக்கிற மாதிரி இருக்கிறது. வேண்டுமானால் ஒன்று செய்து பாருங்கள். மனதுக்குள் நீங்கள் பேசும்போது யாரிடம் பேசுகிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். உங்களோடு நீங்களே என்று தெரிந்தால் அதுவும் சரிதான். என் அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்பா கடைசியில் மனம் மாறினாரா?

எல்லோருக்கும் உள்ளூர இந்தக் கேள்விதான். மாறவில்லை. நானும் மாற்ற முயலவில்லை. நினைவு தெளிவாக இருந்த ஒருநாள் அவர் நெற்றியில் திருநீறு வைக்க மாமியார் வந்தபோது, நான்தான் “வேண்டாம் அத்தை” என்று தடுத்தேன். பேச்சு குழறியிருந்தது, ஆனால் அப்பா என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

உடலைத் தானமாக எழுதி வைத்திருந்தார். சடங்கு எதுவும் செய்யாமல் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் வழியில் என்ன செய்வதென்று தெரியவில்லை. திருவானைக்காவல் போனேன். உள்ளே போகவில்லை. பழைய இடத்தில், வெளியே உட்கார்ந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, “அண்ணா, இங்கதானே இருப்பீங்க?” என்று செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் திரும்பி வரும்வரை இருந்தேன்.